குறைந்த செலவில் ஹாம் வானொலி

இரண்டு நாள் விடாமல் மழை பெய்தால் ராகலையில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். மின்சாரம் போகும். பாதையில் மண் விழும். சில வேளை கைத்தொலைபேசியும் ஊமையாகிவிடும். 2007 ஜனவரியில் நமது அயலான வலப்பனையிலும் ஹங்குரங்கெத்தவிலும் மண்சரிவுகள் உயிர்களைக் கொண்டுபோயின. அப்படியான ஓர் இரவில் வெளியூருக்குச் செய்தி சொல்ல வழி உண்டா?

உண்டு. ஹாம் வானொலி எனப்படும் அமெச்சூர் வானொலியே அது. வியாபார நோக்கமின்றி, அரச அனுமதி பெற்ற தனிநபர்கள் வானலையில் தமக்குள் பேசிக்கொள்வதையே இப்படி அழைக்கிறோம். ஒரு 12 வோல்ட் கார் பற்றரியும் ஒரு கம்பியும் இருந்தால் இதனை இயக்கலாம்.

2004 டிசம்பரில் இந்தியாவைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணி, ஒரு குழுவோடு அந்தமானின் போர்ட் பிளேயரில் வானொலி நிலையம் அமைத்து உலக நாடுகளுடன் பேசிக்கொண்டிருந்தார். 26ஆம் திகதி சுனாமி வந்தது. அன்றே அந்த நிலையம் அவசரச் செய்தி நிலையமாக மாறியது. உறவினரைத் தேடித் தவித்தவர்களின் செய்திகள் அதன் வழியாகவே போயின. அதே நாட்களில் நமது நாட்டில் விக்டர் குணதிலக்கவும் இலங்கை வானொலிச் சங்கத்தினரும் அம்பாந்தோட்டையைக் கொழும்புடன் இணைத்தார்கள்.

மலை மறைக்காதா என்று கேட்பீர்கள். சிற்றலை மேலே சென்று, வளிமண்டலத்தின் அயன மண்டலத்தில் பட்டுக் கீழே திரும்புகிறது. ஆகவே மலையைத் தாண்டியும் விழும். பகலில் அந்த மண்டலத்தின் கீழ்ப்படை அலையை உறிஞ்சிக்கொள்கிறது. மஃரிபுக்குப் பின் அந்தப் படை மறைவதால் தூரத்துக் குரல்களும் கேட்கும்.

இனி, செலவைச் சுருக்கித் தொடங்கும் முறையைப் பார்ப்போம்.

முதலில் கேட்கப் பழகுங்கள். இணையத்தில் நெதர்லாந்தின் ட்வென்ட்டே பல்கலைக்கழகம் ஒரு வானொலி வாங்கியை எவரும் இலவசமாகத் திருப்பிக் கேட்கும்படி வைத்திருக்கிறது. அதற்கு வீட்டிலுள்ள கைத்தொலைபேசியே போதும். வாப்பாவின் பழைய சிற்றலை றேடியோ இருந்தால் அதன் அன்டெனாவில் 10 மீற்றர் செம்புக் கம்பியைக் கொளுவிப் பாருங்கள். சாதாரண றேடியோவில் ஹாம் பேச்சு வாத்துக் கத்துவதுபோலக் கேட்கும். றேடியோ பழுதில்லை, அவர்கள் பயன்படுத்தும் ஒற்றைப் பக்கப்பட்டை முறையைப் பிரிக்கும் வசதி அதில் இல்லை.

இரண்டாவதாக, அன்டெனாவைக் கணக்கிடுங்கள். 300ஐ மெகாஹேர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீற்றரில் வரும். 7.1 மெகாஹேர்ட்ஸுக்கு அது சுமார் 42 மீற்றர். அதன் பாதி 21 மீற்றர். கம்பியில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து குறைக்க வேண்டும். ஆக, பக்கத்துக்கு 10 மீற்றராக இரண்டு கம்பிகள் போதும். கடையில் வாங்கும் அன்டெனாவுக்குக் கொடுக்கும் பணம் மிச்சம். ஆனால் மின்கம்பிக்கு அருகில் கட்டவே கூடாது. இடி மின்னல் நேரத்தில் கம்பியைக் கழற்றிவிட வேண்டும்.

மூன்றாவது, பரீட்சை. இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவே அனுமதிப்பத்திரம் வழங்குகிறது. அதன் பின்னரே 4எஸ்7 போன்று தொடங்கும் அழைப்புக் குறி உங்களுக்குக் கிடைக்கும். ஓமின் விதி, அதிர்வெண், டிரான்சிஸ்டர் என்று வகுப்பில் படிப்பவைதான் இதற்கும் அடிப்படை.

கருவி கடைசியில்தான். அனுமதிப்பத்திரம் கிடைக்குமுன் மலிவாக வருகிறதென்று ஒலி அனுப்பும் கருவியை வாங்கிவிடாதீர்கள்; அனுமதியின்றி அனுப்புவது சட்டப்படி குற்றம். பின்னர் 5 வாட்டுக்கும் குறைந்த மோர்ஸ் கருவியை உதிரிப்பாகங்களாக வாங்கி நீங்களே பற்றவைத்துக்கொள்ளலாம். நாலைந்து மாணவியர் சேர்ந்து வாங்கினால் சுமை இன்னும் குறையும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மகள் கம்பியும் கையுமாக நின்றால் விளையாட்டென்று எண்ணிவிடாதீர்கள். இந்த அலைகளில் பேசுவதை எவரும் கேட்கலாம். ஆகவே ஒளிவு மறைவுக்கு இடமில்லை. நாளை பாதை அடைபட்டு, விளக்கணைந்த இரவில், லயத்திலுள்ள ஒரு நோயாளிக்காக உதவி கேட்கும் குரல் உங்கள் வீட்டிலிருந்தே புறப்படலாம்.