உயிலுக்கு முன் பட்டாவை எடுங்கள்

உயில் எழுத வேண்டும் என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று. யாருக்கு எவ்வளவு என்ற பேச்சு அப்புறம். கீழ்புத்துப்பட்டு போன்ற ஊரில் இது கட்டாயம் தேவை. இந்த வட்டாரத்தில் மூன்று விதமான நிலங்கள் கலந்து கிடக்கின்றன: அரசுக் குத்தகை உப்பளம், பூர்வீக நிலம், இலங்கைத் தமிழர் முகாம்.

மரக்காணம் பக்கத்து உப்பளங்களில் பலவும் அரசுக் குத்தகை நிலம். தாத்தா காலத்திலிருந்து பாத்தி மிதித்து உப்பு வாரியிருந்தாலும் அந்த மண்ணை மகனுக்கு எழுதிவைக்க முடியாது. குத்தகைப் பத்திரம் வாரிசைப் பற்றி என்ன சொல்கிறது என்று பார்த்து, உரிய துறையிடம் இப்போதே விண்ணப்பியுங்கள். உயிலில் சேர்க்கக்கூடியது மோட்டார், குவித்த உப்பு, வியாபாரியிடம் நிற்கும் பாக்கி.

பூர்வீக நிலத்தில் உங்கள் பங்கை மட்டுமே எழுதலாம். ‘நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாச்சு, அவளுக்கு என்ன பங்கு?’ என்ற கேள்வி இன்னும் ஓயவில்லை. வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பிறகு இந்துக் குடும்பங்களில் மகளும் பிறப்பாலேயே பங்காளி. அந்தத் திருத்தம் வந்த தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்த்துச் சொல்லிவிட்டது. முஸ்லிம் குடும்பங்களில் வாரிசுகளின் சம்மதமின்றி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் செல்லாது.

எழுதுவது எளிது. வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தாள் வேண்டாம். உங்கள் கையெழுத்தும், அதைப் பார்த்த இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் வேண்டும். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிந்துவிடுங்கள். சாட்சிகள் உங்களைவிட இளையவர்களாக இருக்கட்டும். சொத்து பெறுகிறவரைச் சாட்சியாக்காதீர்கள். கிறிஸ்தவர்களுக்கு அப்படிச் செய்தால் அவருடைய பங்கே செல்லாமல் போகும். மற்றவர்களுக்கும் வழக்கு வந்தால் அதுதான் முதல் சந்தேகம்.

உயிலை அலுப்பாக நினைத்து உடனே செட்டில்மெண்ட் செய்துகொடுக்கும் பெற்றோரை நான் தடுப்பதுண்டு. உயிலை எத்தனை முறையும் மாற்றலாம். செட்டில்மெண்ட்டை நினைத்தபோது ரத்து செய்ய முடியாது. கொடுத்தே ஆகவேண்டுமென்றால், ‘கடைசிவரை பராமரிக்க வேண்டும்’ என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். மூத்த குடிமக்கள் சட்டத்தின் (2007) 23-ஆம் பிரிவின்படி பின்னாளில் சொத்தைத் திரும்பக் கேட்க அந்த வரி உதவும். மனவளர்ச்சி குன்றிய பிள்ளை இருக்கும் வீட்டுக்கு அறக்கட்டளை நல்ல ஏற்பாடு. சொத்தை நம்பகமான இருவர் நிர்வகிப்பார்கள், வருமானம் பிள்ளைக்குப் போகும். அதில் நிலம் இருந்தால் பத்திரத்தைப் பதிவது அவசியம்.

இனி இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம். முகாம் வீட்டை எழுதிவைக்க முடியாது என்பது அங்குள்ளவர்களுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ விட்டுவந்த காணிதான் கேள்வி. காணி எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டுச் சட்டப்படி மரணசாசனம் (உயில்) எழுதுவதே பாதுகாப்பு. இலங்கையில் 1840-ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அந்நாட்டு நோட்டரியான நொத்தாரிசு ஒருவரையும் இரண்டு சாட்சிகளையும் கேட்கிறது. நொத்தாரிசு இல்லாவிட்டால், ஒரே நேரத்தில் கூடியிருக்கும் ஐந்து சாட்சிகள் வேண்டும். இங்குள்ள நோட்டரியின் முத்திரை அந்த நொத்தாரிசுக்கு ஈடாகாது. ஆகவே இங்கே எழுதுகிறவர் ஐந்து பேரை உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கட்டும். நம் ஊர்ப் பழக்கப்படி இரண்டோடு நிறுத்தினால் அங்கே சிக்கல்.

வடமாகாணத்தவருக்குத் தேசவழமை என்ற தனிச் சட்டமும் உண்டு. முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் சம்பாதித்தது) எது எது என்று பிரித்து எழுதுங்கள். அம்மாவின் சீதனக் காணியை அப்பா எழுதிவைக்க முடியாது. தேடியதேட்டத்தில் அவரவர் உரிமை எவ்வளவு என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சாசனம் எழுதிவிட்டதாலேயே காணி பத்திரமாகிவிடாது. பத்தாண்டு தடையின்றி அனுபவித்தவர் அங்கே உரிமை கோரலாம். இப்போது அதில் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்து, உறுதிப் பத்திரத்தின் நகலோடு அங்குள்ள சட்டத்தரணி ஒருவரிடம் பேசுங்கள். உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் தேடச் சொல்லுங்கள். காணியின் பெயரும் எல்லைகளும் நினைவிருக்கும் பெரியவர்களிடம் அவற்றை இந்த வாரமே எழுதி வாங்கிவிடுங்கள்.