தொடர் தரகும் அதன் கணக்கும்

ஒருமுறை உழைத்துவிட்டுப் பல்லாண்டுகள் வருவாய் பெறலாம் என்னும் செய்தி இன்று கைப்பேசி வழியே ஒவ்வோர் இல்லத்தையும் எட்டியுள்ளது. இத்தொழிலை அஃபிலியேட் மார்க்கெட்டிங் என்பர். இல்லத்திலிருந்தே பொருளீட்ட விரும்பும் மகளிரும், வேலை தேடும் இளைஞரும், ஓய்வூதியம் போதாத முதியோரும் இதனைப் பற்றி நம்மிடம் வினவுகின்றனர். சிலர் கடன் பெற்றுப் பயிற்சிக் கட்டணம் செலுத்தவும் ஆயத்தமாக உள்ளனர். ஆதலின் இதன் அமைப்பை முதலிலிருந்து கற்பது நன்று.

பெயர் புதிது, பொருள் பழையது. தமிழில் இதற்குத் தரகு என்று பெயர். ஒருவர் ஒரு பொருளைப் பற்றி எழுதியோ பேசியோ, அதனை வாங்கும் இணைய முகவரியையும் உடன் தருகிறார். அம்முகவரியில் அவருக்குரிய அடையாள எண் பொதிந்திருக்கும். வேறொருவர் அதனைத் தொட்டவுடன் அவருடைய கருவியில் குக்கீ என்னும் சிறு குறிப்பொன்று பதிவாகும். பின்னர் அவர் பொருளை வாங்கினால், ‘இவரை அனுப்பியவர் இன்னார்’ என்று அக்குறிப்பு விற்பவருக்கு உணர்த்தும். தரகை விற்பவர் தருவார். இசைத்தட்டு விற்ற சிடிநவ் நிறுவனம் 1994இலும், அமேசான் நிறுவனம் 1996இலும் இம்முறையைத் தொடங்கின. அக்குறிப்பின் ஆயுளோ சிறிது. அமேசானின் விதிப்படி 24 மணி நேரத்துக்குள் வாங்கினாலன்றித் தரகு இல்லை. அதற்குள் பொருளைக் கூடையில் இட்டு வைத்தால் மட்டும் 90 நாள் வரை இடமுண்டு.

பிரஷர் குக்கரை ஒருவர் ஒருமுறை வாங்குவார், தரகும் ஒருமுறையே. மாதந்தோறும் சந்தா செலுத்த வேண்டிய கணினி மென்பொருள், இணையதளத்துக்கான இடவாடகை போன்றவற்றில், வாங்கியவர் சந்தா செலுத்தும் காலமெல்லாம் அனுப்பியவருக்கும் பங்கு வரும். தொடர் வருமானம் எனப்படுவது இதுவே. இது நமக்கு அறிமுகமில்லாத ஏற்பாடன்று. 1956இல் ஆயுள் காப்பீட்டுக் கழகம் தோன்றிய நாள்முதல் நம் ஊர்களில் அதன் முகவர்களை அறிவோம். பல்லாண்டுகள் வழக்கிலிருந்த விதிப்படி, முதலாண்டுக்குப் பெருந்தரகும், இரண்டாம் மூன்றாம் ஆண்டுகளுக்கு 7.5 சதவீதமும், அதன்பின் 5 சதவீதமும் முகவருக்குக் கிடைத்தன. ஆண்டுக்கு ரூ.20,000 பிரீமியம் கட்டும் ஒருவரால் நான்காம் ஆண்டுமுதல் அவருக்கு ரூ.1,000 வரும். ஆனால் அம்முகவர் சும்மா இருந்தாரா? தவணை நாளை நினைவூட்டினார்; காலாவதியாக இருந்த பாலிசியைக் காத்தார்; இறப்பு நேர்ந்த வீட்டில் உரிமைப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தார். தரகு தொடர்ந்ததற்கு அவ்வுழைப்பே காரணம்.

இனி ஒரு கணக்கு. கரும்பலகையில் எழுதுவதுபோல் நிதானமாகச் செய்வோம். மாதம் ரூ.1,000 சந்தாவுள்ள ஒரு மென்பொருளுக்குத் தரகு 20 சதவீதம் எனக் கொள்க. ஒருவருக்கு ரூ.200. நூறு பேரைச் சேர்த்துவிட்டால் மாதம் ரூ.20,000. விளம்பரங்கள் இவ்விடத்தில் கணக்கை நிறுத்திவிடுகின்றன. நாம் நிறுத்தலாகாது. சந்தா செலுத்துவோர் அனைவரும் நிலைத்திருப்பதில்லை. மாதந்தோறும் நூற்றுக்கு ஐவர் விலகுவதாகக் கொள்வோம். முதல் மாத முடிவில் 95 பேர். இரண்டாம் மாத முடிவில் ஏறத்தாழ 90 பேர். இவ்வாறே பெருக்கிச் சென்றால் ஓராண்டு முடிவில் 54 பேரும், ஈராண்டு முடிவில் 29 பேரும் எஞ்சுவர். ரூ.20,000 என்பது முதலில் ரூ.10,800 ஆகவும், பின்னர் ரூ.5,800 ஆகவும் சுருங்கும். நூறு நூறாகவே நிற்க வேண்டுமானால் மாதந்தோறும் ஐந்து புதியவரைத் தேடியாக வேண்டும். விலகுவோர் நூற்றுக்கு இருவராயின் ஈராண்டு முடிவில் ஏறத்தாழ 62 பேர் இருப்பர். எனவே, ‘தரகு எத்தனை சதவீதம்?’ என்று கேட்பவர், ‘வாங்கியவர் எத்தனை மாதம் தங்குவார்?’ என்பதனையும் உடன் கேட்க வேண்டும். பின்னதைக் கேட்போரை நாம் அரிதாகவே காண்கிறோம்.

வாங்குவோர் நிலைத்தாலும் விகிதம் நிலைப்பதில்லை. 2020 ஏப்ரலில் அமேசான் நிறுவனம் அமெரிக்காவில் அறைகலன்களுக்கான தரகை 8 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகவும், மளிகைக்கு 5 சதவீதத்திலிருந்து 1 சதவீதமாகவும் குறைத்தது. அதனையே நம்பியிருந்தோர் வருவாய் சில நாள்களில் சரிந்தது. நம் நாட்டிலும் 2024 அக்டோபரில் ஆயுள் காப்பீட்டுக் கழகம் முகவர்க்கான விகிதங்களை மாற்றியது. அன்றியும், குக்கீயைப் பிறர் மாற்றிவிடவும் கூடும். விலைத்தள்ளுபடி தேடித்தரும் ஹனி என்னும் கருவி, வாங்கும் இறுதி நொடியில் பிறருடைய அடையாளத்தை நீக்கித் தன்னுடையதை இடுகிறது என்று 2024 டிசம்பரில் குற்றச்சாட்டு எழுந்து வழக்குகளும் தொடரப்பட்டன. 2025 மார்ச்சில் கூகுள் நிறுவனம் தன் குரோம் உலாவியில் இயங்கும் இத்தகைய கருவிகளுக்கான விதியை இறுக்கியது. உடன்படிக்கையில் ‘எந்நேரமும் மாற்றும் உரிமை எமக்குண்டு’ என்னும் வரியைப் படித்த பின்னரே கையொப்பமிடுக.

இத்தொழிலில் நாம் மிகவும் அஞ்சுவது வேறொன்று. முதலில் வாங்குவோர் யாவர்? அத்தை, சித்தி, மைத்துனர், அடுத்த வீட்டார், உடன் படித்தோர். அவர்கள் பொருளை ஆராய்ந்து வாங்குவதில்லை. நம் சொல்லை நம்பி வாங்குகின்றனர். விற்பதற்கு அரிய பொருளுக்கும், விற்பவர்க்கு மிகுந்த இலாபம் தரும் பொருளுக்கும் தரகு கூடுதலாக வைப்பது வணிக இயல்பு. கடன் தரும் செயலிகளையும் பங்குச்சந்தைப் பயிற்சிகளையும் பரிந்துரைக்கச் சொல்லி ஆசை காட்டுவதன் காரணம் இதுவே. நாம் பெறுவது ரூ.500, சித்தி இழப்பது அவருடைய வைப்புத்தொகை. அதன்பின் அவ்வீட்டுக்கு எம்முகத்தோடு செல்வது? 2024 ஆகஸ்டில் செபி, பதிவின்றி முதலீட்டு அறிவுரை கூறுவோருடனும், ஆதாய உறுதி கூறுவோருடனும் தன்னிடம் பதிவு பெற்ற நிறுவனங்கள் தொடர்பு கொள்ளலாகாதென விதி வகுத்தது. நுகர்வோரைக் காக்க 2022 ஜூனில் வெளிவந்த நெறிமுறைகளோ, பரிந்துரைப்பவர் விற்பவரிடம் பெறும் ஆதாயத்தை வெளிப்படையாகக் கூற வேண்டும் என்கின்றன. தவறான பரிந்துரைக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி ரூ.10 இலட்சம் வரை தண்டம் விதிக்கவும் இடமுண்டு. ‘இதனை நீங்கள் வாங்கினால் எனக்குத் தரகு வரும்’ என்று ஒரு வரி எழுதுவதற்கு எவ்வளவு நேரமாகும்? எழுதியபின் வாங்காதவர், மறைத்திருந்தால் பின்னர் நம்மை நொந்திருப்பார்.

ஆள்சேர்க்கும் திட்டங்களை இதனோடு குழப்பிக்கொள்ளலாகாது. பொருள் விற்றதற்குத் தரகு தருவது ஒருவகை. ஆளைச் சேர்த்ததற்குப் பணம் தருவது மற்றொரு வகை. பின்னதைப் பணச்சுழற்சித் திட்டம் என 1978ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகளும் அதனைத் தடுத்ததோடு, சேர்வதற்கு நுழைவுக் கட்டணம் பெறலாகாதென்றும் கூறின. அமேசான் தரகுத் திட்டத்தில் சேரக் கட்டணம் இல்லை. ஆதலின் ‘முதலில் ரூ.10,000 செலுத்துங்கள்’ என்பவர் விற்கும் பொருள் நாமேதான் என அறிக.

இவ்வளவும் கேட்டபின் தொடங்க விழைவோர், தாம் ஆறு மாதமேனும் பயன்படுத்திய ஒரு பொருளைக் கொண்டு தொடங்கலாம். நாற்பது பக்க நோட்டுப்புத்தகம் ஒன்று போதும். மாதந்தோறும் புதிதாக வந்தோர், விலகியோர், வரவேண்டிய தரகு, வந்து சேர்ந்த தொகை, செலவிட்ட மணிநேரம் ஆகியவற்றைத் தனித்தனிக் கட்டமிட்டுக் குறிக்க. வந்த தொகையை மணிநேரத்தால் வகுத்து, அவ்விடையை வீட்டில் இரு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தால் வரும் ஊதியத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க. தரகு வருமானமும் வரிக்கு உட்பட்டதே. தரகிலிருந்து முன்னதாகப் பிடிக்கும் வரி 2024 அக்டோபர்முதல் 5 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பிடித்த தொகையையும் அந்நோட்டிலேயே எழுதி வைத்தால், வரிவரம்புக்குள் இருப்போர் கணக்குத் தாக்கல் செய்து அதனைத் திரும்பப் பெறலாம்.