கருவியும் பயனும்

வீட்டிற்கு வாயில் அமைப்பது உட்புகுவதற்கே. அதன் வேலைப்பாடு எத்துணைச் சிறந்ததாயினும், வருவோர் உட்புக இயலாராயின் அதனாற் பயன் யாது? கணினித் திரையில் தோன்றும் இணையப் பக்கமும் அத்தகைய வாயிலே ஆகும்.

இணையப் பக்கம் மூன்று கூறுகளால் ஆயது. சொற்களையும் படிவங்களையும் தாங்குவது எச்.டி.எம்.எல்.; அவற்றிற்கு நிறமும் வடிவும் தருவது சி.எஸ்.எஸ்.; இயக்கம் தருவது ஜாவாஸ்கிரிப்ட். முதலிரண்டிற் பிழை நேரினும் உலாவி அதனைப் பொறுத்து, எஞ்சியதைக் காட்டும். மூன்றாவதிற் பிழை நேரின், நிரல் நடுவே நின்றுவிடுதல் உண்டு.

2013 இல் ரியாக்ட், 2014 இல் வியூ எனப் புதுப்புதுக் கருவிகள் வெளிவந்தன. புதுக்கருவியைக் கற்றோர் அதனை எங்கும் கையாள விழைதல் இயல்பு. அதனால், பக்கம் முழுவதையும் ஜாவாஸ்கிரிப்டைக் கொண்டே எழுப்பும் வழக்கம் பரவிற்று. அந்நிரல் வந்து சேராவிடில் பயனர் காண்பது வெறுந்திரையே.

பிரித்தானிய அரசு 2012 அக்டோபரில் 'கவ் யூகே' என்னும் இணையதளத்தைத் தொடங்கியது. பயனரின் தேவையே முதலாவது என்பது அதனை அமைத்தோர் கொண்ட கொள்கை. 2013 இல் அவர்கள் ஒரு கணக்கெடுத்தனர். ஆயிரம் வருகைகளுள் ஏறத்தாழ 11 இல் ஜாவாஸ்கிரிப்ட் இயங்கவில்லை. அவற்றுள் இரண்டில் மட்டுமே அது நிறுத்தப்பட்டோ உலாவியால் ஏற்கப்படாமலோ இருந்தது. ஏனைய ஒன்பதில் இயங்கியிருத்தல் வேண்டும், ஆயினும் இயங்கவில்லை. இணைப்பு இடையே அறுதல் போன்றவற்றால் இவ்வாறு நேர்தல் கூடும்.

நூற்றுவருள் ஒருவர்தானே என்று கருதுவாரும் உளர். ஒரு கடை திறவாவிடில் மக்கள் மறுகடை செல்வர். ஆனால், ஓய்வூதியம் வேண்டும் முதியவர் நாடுதற்கு வேறோர் அரசு உண்டோ? ஆதலின் அத்தளத்தார், இன்றியமையாத செய்தியும் படிவமும் எச்.டி.எம்.எல். கொண்டே இயங்குமாறு அமைத்து, ஏனைய வசதிகளை அதன்மேற் சேர்த்தனர். ஆரவாரமற்ற அத்தளத்திற்கே லண்டன் வடிவமைப்பு அருங்காட்சியகம் 2013 ஆம் ஆண்டின் சிறந்த வடிவமைப்பு என்னும் பரிசை வழங்கியது.

2006 இல் தோன்றி உலகெங்கும் புகழ்பெற்ற ஜேக்குவரி என்னும் நிரல்தொகுப்பை அத்தளத்தார் 2022 இல் நீக்கினர். அது செய்த பணிகளை உலாவிகளே செய்யும் காலம் வந்துவிட்டது. ஏறத்தாழ 32 கிலோபைட்டுச் சுமை குறைந்தது. திறன் குறைந்த கைப்பேசியும் மெதுவான இணைப்பும் உடையோரே இதனால் மிகுபயன் எய்தினர்.

புதுக்கருவி இகழத்தக்கதன்று, வேண்டுமிடத்து அதனைக் கொள்ளுதல் அறிவுடைமையே. ஆயினும், கருவி புதிதோ என்பது பின்னர் வினவற்பாலது. வருவோர் அனைவரும் எளிதிற் புகுவரோ என்பதே முன்னர் வினவற்பாலது.