பீர் கெட்டுப்போச்சா, பிடிக்கலையா? பணம் எப்போ திரும்பக் கிடைக்கும்?

200 ரூபாய் கொடுத்து ஒரு பீர் வாங்குறீங்க. முதல் மடக்கிலேயே முகம் சுளிக்குது. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

முதல்ல உங்களையே ஒண்ணு கேளுங்க: கெட்டுப்போச்சா, இல்ல பிடிக்கலையா? கசப்பு அதிகம், எதிர்பார்த்த ருசி இல்லைன்னா அது உங்க செலவுதான். அதனால புது பிராண்டுன்னா முதல்ல ஒரே ஒரு பாட்டில் மட்டும் வாங்கிப் பாருங்க.

ஆனா தேதி முடிஞ்சது, உள்ளே பூச்சி மிதக்குது, மூடி கசியுதுன்னா அது குறையுள்ள பொருள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கிட்டு, பில்லில் போட்டிருக்கும் கெடுவுக்குள் பணம் தரணும். கெடு எதுவும் போடலைன்னா 30 நாள். மறுத்தா அது முறையற்ற வணிக நடைமுறை. ‘விற்ற பொருள் வாபஸ் இல்லை’ன்னு போர்டு மாட்டியிருந்தாலும் இதுதான் சட்டம்.

நீங்க செய்ய வேண்டியது:

1. வாங்கும்போதே பில் கேளுங்க. பில் தராததும் முறையற்ற வணிக நடைமுறைதான்.
2. குடிக்கிறதை நிறுத்துங்க, மிச்சத்தைக் கொட்டாதீங்க.
3. பேட்ச் எண், தேதி தெரியுற மாதிரி போட்டோ எடுங்க.
4. கடையில் பேசுங்க. மறுத்தா 1915க்கு போன் பண்ணுங்க.

200 ரூபாய்தானேன்னு விடாதீங்க. அதுவும் நீங்க உழைச்ச காசு!