பொது நூல்நிலையம் நல்கும் நிலையான இன்பம்

பழவேற்காட்டு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடைப்பட்ட மணற்கரையில் உள்ளது எம் ஊராகிய லைட்ஹவுஸ் குப்பம். ஊருக்குப் பெயர் தந்த விளக்கு இரவில் கடலின்மேல் ஒளியைச் செலுத்துங்கால், வருவது கட்டுமரமோ விசைப்படகோ என்று பார்ப்பதில்லை, கூலியும் கேட்பதில்லை. இவ்வாறு எல்லார்க்கும் பொதுவாய் நின்று ஒளி தருவது பிறிதொன்று உண்டோ எனின், உண்டு. அதுவே பொது நூல்நிலையம். அதனால் எய்தும் இன்பம் யாது, அது நிலைத்து நிற்றற்குக் காரணம் யாது என்பவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

முதற்கண் 'பொது' என்னும் சொல்லின் பொருளை உணர்தல் வேண்டும். ஏரியில் மீன் பிடிக்கும் சில குப்பத்தாரிடையே 'பாடு' என்னும் ஒழுங்கு உண்டு. நீர்ப்பரப்பை எவரும் தமக்கென வளைத்துக்கொள்ளாது, சீட்டெடுத்து முறை வைத்து, இன்னார்க்கு இன்ன நாளில் இன்ன இடம் என வகுத்து வலையிடுவர். நூல்நிலையமும் அத்தகையதே. ஒருவர் படித்த நூலை மற்றொருவர் தம் முறையிற் பெறுவர். வேற்றுமை ஒன்றே: பிடித்த மீன் ஏரியிற் குறையும், படித்த நூலோ குறைவதில்லை.

இஃது எவரோ இடும் பிச்சையன்று. 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் இயற்றப்பெற்றது. விடுதலை பெற்ற இந்தியாவில் நூலகங்களுக்கென எழுந்த முதற் சட்டம் அதுவே. அதன்படி வீட்டுவரியோடு நூலக வரியும் தண்டப்பெறுகின்றது. ஆகவே, வரி செலுத்தும் குப்பத்தார் ஒவ்வொருவரும் நூல்நிலையத்திற்கு உரிமையாளரே. தம் உடைமையென்று அறியாது அதன் வாயிலைக் கடந்து செல்வார் பலராதல் வருந்தத்தக்கது.

சென்னை எழும்பூரிலுள்ள கன்னிமாரா நூலகம் 1896-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் திறக்கப்பெற்றது. 1954-இல் இயற்றிய சட்டத்தின்படி, இந்தியாவில் வெளியாகும் நூல்களின் படிகளைப் பெறுதற்குரிய நான்கு நூலகங்களுள் அதுவும் ஒன்று. உப்புக்காற்றால் ஆணியும் துருப்பிடிக்கும் எம் போன்றார் இல்லங்களில், நூல்களைச் சேர்த்துக் காத்தல் அரிது. அவ்வில்லங்கள் அனைத்திற்கும் பொதுவான புத்தக அலமாரி அந்நூலகமே என்று கூறின் மிகையாகாது.

நிற்க. அவ்விடத்து யாம் எய்திய இன்பம் ஒன்றினைக் கூறுவாம். கல்லூரியிற் சேர்ந்த புதிதில், எம் உடையில் மீன் நாற்றம் வீசுமோ என்று அஞ்சிப் பின்வரிசையில் அமர்ந்த நாட்கள் பல. ஊரை வினவினார்க்குப் 'பழவேற்காடு' என்று மட்டும் கூறிக் குப்பத்தின் பெயரை மறைத்தலும் உண்டு. அந்நாளில், கன்னிமாராவில் வேறொரு நூலைத் தேடிச் சென்ற யாம், பின்னத்தூர் அ. நாராயணசாமி ஐயர் உரையெழுதி 1915-இல் வெளிவந்த நற்றிணையைக் கண்டு, அதனைப் புரட்டினோம். 45-ஆம் பாட்டு எம்மைத் தடுத்து நிறுத்தியது. ஆங்கே தலைவி, ஆழ்கடலிற் சென்று மீன் பிடிக்கும் பரதவர் மகள். காயவைத்த சுறாமீன் துண்டங்களைப் பறவைகள் கவராமல் காத்து நிற்பவள். தலைவனோ தேர்கள் ஓடும் பழம்பதியிற் செல்வர் மகன். அவனை நோக்கித் தோழி, தாங்கள் மீன் நாறுபவர் ஆதலின் விலகி நிற்குமாறு கூறுகின்றாள். அவ்வளவில் அமையாது, கடல்வளத்தால் வாழும் தங்கள் சிறு வாழ்க்கை நல்வாழ்க்கையே என்றும், தங்களுள்ளும் மேன்மையுடையார் உளர் என்றும் தலைநிமிர்ந்து மொழிகின்றாள்.

யாம் நாணி மறைத்த நாற்றத்தை, ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒருத்தி பெருமையோடு எடுத்துரைத்தனள்! அவ்வார இறுதியில் ஊர் சென்று, மணலில் கருவாடு பரப்பிக் காக்கை ஓட்டிக்கொண்டிருந்த எம் தாயாரிடம் அப்பாட்டின் பொருளைக் கூறினோம். அவர், "அந்தக் காலத்திலேயே அப்படிச் சொன்னாளா?" என்று வினவி நகைத்தார். அதன்பின் எவர் வினவினும் குப்பத்தின் பெயரை முழுதும் கூறிவருகின்றோம். தேடிச் சென்றது ஒன்று, கிடைத்தது மற்றொன்று; அவ்வாறு கிடைத்தது வாழ்நாள் முழுதும் உடன்வருவது. நூல்நிலைய இன்பத்தின் இயல்பு இதுவே.

எம் கரையைப் பற்றி யாம் அறியாதவற்றையும் நூல்களே அறிவித்தன. 1632 முதல் பத்தாண்டுகள் பழவேற்காட்டில் ஒல்லாந்தருக்குக் குருவாய் இருந்த ஆபிரகாம் ரோஜேரியஸ், இந்நாட்டுச் சமய வழக்கங்களைப் பத்மநாபன் என்னும் அந்தணரிடம் கேட்டறிந்து எழுதிய நூல் 1651-இல் லெய்டன் நகரில் அச்சாயிற்று. ஏரிக்கரையில் இருவர் உரையாடியது, இருவரும் மறைந்தபின்னும் ஏட்டில் வாழ்கின்றது.

"நூல்களும் அழிவனவே; இன்பம் எங்ஙனம் நிலைக்கும்?" என்பார் உளர். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பராயின. ஆயினும் அந்நூலகம் மீண்டும் கட்டப்பெற்றது. எரிந்த ஏடு மீளாது, அது மெய்யே. ஆனால் அதனைப் படித்தார் உள்ளத்தில் எழுந்த வேட்கை எரியவில்லை. "கைப்பேசியிலேயே அனைத்தும் உளவே" என்பார்க்கும் ஒன்று கூறுவாம். கைப்பேசி நாம் கேட்பதைத் தரும். நூல்நிலையமோ, யாம் நற்றிணையைக் கண்டதுபோல, கேட்க அறியாததையும் அருகில் வைத்துக் காட்டும்.

சீர்காழியிற் பிறந்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் கணிதம் பயின்று, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன், 1931-இல் நூலக இயலுக்கு ஐந்து விதிகளை வகுத்தார். நூல் பூட்டி வைத்தற்கன்று, பயன்படுத்துதற்கே என்பது அவற்றின் அடிப்படை. அவ்வாண்டிலேயே மன்னார்குடியருகே கனகசபைப் பிள்ளை என்பார் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிச் சிற்றூர்தோறும் அனுப்பினார். வயல் நாட்டிற்கு வண்டி ஏற்றதாயின், ஏரி நாட்டிற்குப் படகு ஏற்றதன்றோ? மீனேற்றும் படகில் வாரம் ஒருநாள் நூலேற்றிக் குப்பந்தோறும் கொண்டுசெல்லல் அரிதன்று. விடுமுறைகளில் இக்கல்லூரி மாணவர் சிலர் முன்வரின், துடுப்பிட யாம் ஆயத்தமாய் உள்ளோம்.

சிறையிலிருந்த பவுல் அடியார், தீமோத்தேயு வரும்போது மேலங்கியோடு புத்தகங்களையும், சிறப்பாகத் தோற்சுருள்களையும் கொண்டுவருமாறு எழுதினார். முடிவு நெருங்கிய வேளையிலும் அவர் விரும்பியவை அவையே. மாணவத் தோழர்காள்! மேலங்கி ஒருவர்க்கே உதவும். நூலோ ஊரார் அனைவர்க்கும் உதவும். நம் உடைமையாகிய நூல்நிலையத்துட் புகுவோம். புகுந்து பெற்றதைக் கரையில் நிற்பார்க்கும் கொண்டுசேர்ப்போம்.