தடய நிபுணரும் நாட்டெல்லைகளும்

2004 மார்ச் 11-ஆம் நாள் ஸ்பெயின் தலைநகர் மாட்ரிடில் ரயில்களில் குண்டுகள் வெடித்தன. வழக்கில் சிக்கிய பையொன்றில் இருந்த விரல் ரேகை, அமெரிக்க வழக்கறிஞர் ஒருவருடையதே என எஃப்.பி.ஐ. உறுதிபடக் கூறிற்று. ஸ்பெயின் காவல்துறை அதனை ஏற்கவில்லை. ரேகை அல்ஜீரியர் ஒருவருடையது எனப் பின்னர் நிறுவியது. இரு வாரங்கள் காவலில் இருந்தவர் விடுதலையானார், எஃப்.பி.ஐ. மன்னிப்புக் கோரியது.

நாடுகளின் தடய அறிவியல் சட்டங்கள் ஒன்றுபட வேண்டும் என்பதற்கு இந்நிகழ்ச்சியைச் சான்று காட்டுவர். எதனை ஒன்றுபடுத்துவது என்பதே வினா. இந்தியாவிலும் இங்கிலாந்திலும் வழக்காடும் தரப்பினரே நிபுணரை அழைத்து வருகின்றனர். எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணை செய்கிறது. பிரான்சிலும் ஜெர்மனியிலும் பெரும்பாலும் நீதிமன்றமே நிபுணரை நியமிக்கிறது. நூற்றாண்டுகளாக வேரூன்றிய இம்முறைகளை ஓர் ஒப்பந்தத்தால் மாற்றிவிட முடியாது. ரேகை ஒப்பீட்டில்கூட இங்கிலாந்து 2001 வரை பதினாறு பொருத்தப் புள்ளிகளைக் கோரியது. அமெரிக்காவிலோ அத்தகைய குறைந்தபட்ச எண் இல்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2009-இல் குறுகலான, ஆனால் நடைமுறைக்கு உகந்த வழியைத் தேர்ந்தது. மரபணு, விரல் ரேகை ஆய்வுக்கூடங்கள் ஐ.எஸ்.ஓ. 17025 தர அங்கீகாரம் பெற வேண்டும். அவ்வாறு பெற்ற பிறநாட்டுக் கூடத்தின் முடிவுகளை உள்நாட்டு முடிவுகளுக்கு நிகராக ஏற்கவேண்டும். சாட்சியத்தை மதிப்பிடும் உரிமையோ அந்தந்த நாட்டு நீதிமன்றத்திடமே விடப்பட்டது. இது சரியான பாகுபாடு. எனினும் மாட்ரிட் பிழை வெளிப்பட்டது வேறொரு நாட்டு நிபுணர் தாமே ஆராய்ந்ததால்தான். ஆகவே, மூலப்பதிவையும் தடயப் பொருளையும் மறுஆய்வுக்குத் தரும் கடமை எந்த உடன்பாட்டிலும் இடம்பெறல் வேண்டும்.

உலகின் முதல் விரல் ரேகைப் பிரிவு 1897-இல் கல்கத்தாவில் தோன்றியது என்பது நாம் பெருமைப்படத்தக்கது. ஆயினும் பெருமை ஆய்வுக்கூடத்தை நடத்தாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176-ஆவது பிரிவு, ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடய நிபுணர் நிகழ்விடம் செல்ல வழிசெய்கிறது. 329-ஆவது பிரிவின்படி குறிப்பிட்ட அரசு நிபுணரின் அறிக்கை, அவர் கூண்டேறாமலே சான்றாகலாம். விரும்பினால் நீதிமன்றம் அவரை அழைக்கலாம். நிபுணர் கடல்கடந்து இருக்கையில் அவ்வாறு அழைப்பது எளிதன்று.

தர அங்கீகாரத்திற்குக் கருவிகளும் பயிற்சி பெற்றோரும் தேவை. இரண்டிற்கும் செலவு மிகுதி. வளரும் நாடுகளுக்கு இவற்றில் உதவாமல் விதியை மட்டும் பொதுவாக்கினால், அவற்றின் அறிக்கைகள் அயல்நாட்டு நீதிமன்றங்களில் தள்ளப்படும். செல்வ நாடுகளின் அறிக்கைகளோ வளரும் நாடுகளில் வினாவின்றி ஏற்கப்படும்.