புயலுக்குப் பின் மனு: அங்கத்தினர் கல்விப் பாடம்



ஐப்பசியும் கார்த்திகையும் நம் பகுதி மழையை நம்பியிருக்கும் மாதங்கள். கண்மாய் நிறைந்தால் மகிழ்கிறோம். அதே மழை பெருங்காற்றோடு வருமாயின் ஓடு பறக்கிறது, மண்சுவர் கரைகிறது, குழித்தறியில் நீர் நிற்கிறது. காற்று ஓரிரவில் ஓய்ந்துவிடும். அதன்பின் அலுவலகங்களுக்கு நடக்கும் நடையோ மாதக் கணக்கில் ஓய்வதில்லை. அந்த நடையைக் குறைப்பது எப்படி என்பதே இம்மாதப் பாடம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மழைக்காலத்தின் முடிவில், நேமத்தான்பட்டியில் ஓர் அங்கத்தினரைக் காணச் சென்றிருந்தேன். அவர் தறி மூன்று மாதமாக ஓடவில்லை என்று சங்கக் கணக்கு காட்டிற்று. சென்று பார்த்தால், தறிக்கூடத்தின் மேற்குப் பக்க ஓடுகள் காற்றில் போய்விட்டன. உத்திரங்கள் உறுதியாகவே இருந்தன. தார்ப்பாய் போட்டு மூடியும் ஒழுக்கு நிற்காமல், தறியில் இருந்த பாவு வீணாகிவிட்டது. ஏன் ஓடு வேயவில்லை என்று கேட்டேன். அனுமதி வரவில்லை என்றார்.

அவர் கொடுத்திருந்த மனுவின் நகலைப் படித்தேன். "வீடு கட்ட அனுமதி வேண்டும்" என்று எழுதியிருந்தது. வீடு கட்டுவதற்கு உரிய பட்டா, வரைபடம், வரி ரசீது, பங்காளிகள் அனைவரின் சம்மதக் கையொப்பம் ஆகியவற்றை அலுவலகத்தார் கேட்டிருக்கின்றனர். பட்டா பாட்டனார் பெயரில் இருந்தது. பங்காளிகளில் ஒருவர் சென்னையில், ஒருவர் கோவையில், ஒருவர் மலேசியாவில். கையொப்பம் திரட்டுவதிலேயே மூன்று மாதம் கழிந்தது.

அவருக்கு வேண்டியிருந்ததோ பழைய கூரையில் புது ஓடு போடுவது மட்டுமே. 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, கட்டடத்தின் உறுதிக்கும் பாதுகாப்புக்கும் உரிய விதிகளை மீறாதவரை, ஓடு மாற்றுதல், கூரை வேய்தல், பூச்சு வேலை, வெள்ளையடித்தல், தரை மாற்றுதல் ஆகியவற்றிற்குக் கட்டட அனுமதி தேவையில்லை. தேவைப்படாத அனுமதிக்காக ஒரு தறி மூன்று மாதம் நின்றது! என்ன வேலை செய்யப் போகிறீர் என்று அலுவலகத்தார் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. மனுவில் எழுதிய கேள்விக்கே விடை வந்தது. அவருடைய கோபம் நியாயமானதே. ஆயினும் கோபம் ஓடு வேயாது.

ஆகவே, மனு எழுதுமுன் நம் தேவை எவ்வகையைச் சேர்ந்தது என்று பிரித்தறிய வேண்டும்.

முதலாவது, பழுது பார்த்தல். மேற்கூறிய சிறு வேலைகள் இவ்வகை.

இரண்டாவது, புதிதாகக் கட்டுதல். சுவர் அடியோடு விழுந்து மீண்டும் எழுப்புவதாயினும், அறை கூட்டுவதாயினும் தொடங்குமுன் அனுமதி பற்றி எழுத்து மூலம் கேட்டறிதல் நலம். 2024 ஜூலையில் அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில், 3,500 சதுர அடிக்கு மேற்படாமல், தரைத்தளமோ அதற்கு மேல் ஒரு மாடியோ கொண்ட குடியிருப்பைக் கட்டுவோர், ஒற்றைச் சாளர இணையதளம் வழியாக அம்முறையில் அனுமதி பெறலாம். எனினும் பட்டா தெளிவாக இருக்க வேண்டும். செட்டிநாட்டு வீடுகளில் பல, பங்காளிகள் பலருக்குப் பொதுவானவை. வாரிசுச் சான்றும் கூட்டுப் பட்டாவும் பெறுவதற்குரிய காலம் கோடைகாலமே; புயலுக்கு மறுநாள் அன்று.

மூன்றாவது, மரம். சொந்தப் பட்டா நிலத்துத் தென்னை விழுந்தால் ஒரு முறை. புறம்போக்கில் நிற்கும் மரமாயின் வேறு முறை. பின்னது அரசின் உடைமை. 2-சி பட்டா உடையவருக்கு அதன் பலனில் உரிமை உண்டு. மரத்தை வெட்டும் உரிமை இல்லை. பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது.

நான்காவது, நிவாரணம். இது அனுமதி அன்று, உதவி. இதற்கு உரியவர்கள் வருவாய்த் துறையினர். ஊராட்சியில் கொடுத்த கட்டட மனு நிவாரண மனுவாகாது.

நிவாரணத்தில் சான்று எவ்வளவு முக்கியம் என்பதைக் கஜா புயல் காட்டிற்று. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரை கடந்த அப்புயல், புதுக்கோட்டை, சிவகங்கை, திண்டுக்கல் மாவட்டங்களையும் தாக்கிற்று. விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாயும், அதை வெட்டி அகற்ற 500 ரூபாயுமாக 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தது. முழுதும் சேதமான குடிசைக்கு 10,000 ரூபாய். பகுதி சேதத்திற்கு 4,100 ரூபாய். இவையெல்லாம் கணக்கெடுத்த பின்னரே கிடைப்பவை. எண்ணுமுன் மரத்தை அகற்றிவிட்டால் எதைக் கொண்டு எண்ணுவது?

அந்நாளில் மக்கள் கொதித்தெழுந்ததும் உண்மை. புதுக்கோட்டை மாவட்டம் கொத்தமங்கலத்தில் சாலை மறியல் நடந்தது. அரசு வாகனங்கள் எரிக்கப்பட்டன. எரித்தது தவறு. ஆனால் குறையைச் சொல்லிக்கொள்ளத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் அன்று எவ்வூரிலும் இல்லை என்பதை மறக்கலாகாது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபின், 2019 டிசம்பர் வரை ஊரகத் தேர்தல் நடைபெறவில்லை. தனி அலுவலர்களே பொறுப்பில் இருந்தனர். 2019-இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலமும் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, மீண்டும் தனி அலுவலர் பொறுப்பேற்றனர். ஓர் அலுவலர் பல ஊர்களைப் பார்க்கும்போது, வாய்ச்சொல் காற்றோடு போகும், எழுத்தே நிற்கும்.

எனவே கடைப்பிடிக்க வேண்டியவை: சேதத்தைத் தொடுமுன் நாள் தெரியும்படி புகைப்படம் எடுங்கள். மனுவின் முதல் வரியிலேயே செய்யப்போகும் வேலையைச் சொல்லுங்கள்: "விழுந்த ஓடுகளுக்குப் பதில் ஓடு வேய்தல்" என்பது போல. மனு பெற்றதற்கு ஒப்புகைச் சீட்டுக் கேளுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். விடையே வராவிடில், 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, 10 ரூபாய்க் கட்டணத்துடன், மனு எந்நிலையில் உள்ளது என்று கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

இனி, சங்கம் செய்யக்கூடியது யாது? தனி மனிதர் இருபது பேர் இருபது நாள் நடப்பதைவிட, சங்கச் செயலாளர் இருபது மனுக்களை ஒரே நாளில் கொண்டுபோய் ஒப்புகை பெறலாம். ஒவ்வோர் ஆண்டும் ஆவணிக்குள் அங்கத்தினரின் வீடு, தறி, மரங்களின் எண்ணிக்கை, பட்டா எண் ஆகியவற்றை ஒரு பேரேட்டில் பதிந்து வைக்கலாம். வீட்டில் இருந்த காகிதம் நனைந்து போனாலும் சங்கத்துப் பேரேடு இருக்கும். கடனுக்கு மட்டும் கூடுவது கூட்டுறவு ஆகாது. கஷ்டத்திற்கும் கூட வேண்டும்.

நேமத்தான்பட்டி அன்பர் மறுவாரமே ஓடு வேய்ந்தார். தறி ஓடிற்று. இழந்த மூன்று மாதக் கூலியை மட்டும் யாராலும் திருப்பித் தர இயலவில்லை.

படிப்பு வட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்:

1. உங்கள் வீட்டுப் பட்டா இன்று யார் பெயரில் உள்ளது?

2. கூரை வேய்வதற்கும் சுவர் எழுப்புவதற்கும் மனுவில் என்ன வேறுபாடு காட்ட வேண்டும்?

3. உங்கள் சங்கத்தில் சேதப் பதிவுப் பேரேடு உண்டா? இல்லையெனில், அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் அதை முன்மொழிபவர் யார்?